நந்திதுர்க்கில் ஒரு லிட்டர் பெட்ரோல்

2024 மே 9 அன்று மாருதி சுசூகி நிறுவனம் ஸ்விஃப்ட் காரின் நான்காம் தலைமுறையை இந்தியாவில் வெளியிட்டது. மூன்று சிலிண்டர் கொண்ட 1197 சிசி எஞ்சின். தொடக்க ஷோரூம் விலை 6.49 லட்சம் ரூபாய். கையால் கியர் மாற்றும் வகைக்கு லிட்டருக்கு 24.8 கி.மீ., தானியங்கி கியர் வகைக்கு 25.75 கி.மீ. கோலார் தங்கவயலில் ஒரு புதிய கார் தெருவுக்குள் வந்தால் முதலில் எழும் கேள்வி, ‘எவ்வளவு கொடுக்கும்?’ என்பதுதான். நந்திதுர்க்கில் இக்கேள்வி வெறும் ஆர்வத்தால் எழுவதன்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கும் பிழைப்பு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு இடம்பெயர்ந்தது; குடியிருப்பு மட்டும் பழைய லைன் வீடுகளில் நின்றுவிட்டது. அந்தத் தொலைவுக்கு நாள்தோறும் கொடுக்கும் விலையே இங்கு மைலேஜ் எனப்படுகிறது.

விளம்பரத்தில் வரும் எண் பொய்யன்று. ஆனால் அது சாலையில் பிறந்ததுமன்று. கார் ஓர் ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் நிறுத்தப்பட்டு, வரையறுக்கப்பட்ட வேகங்களில் 1180 நொடிகள் ஓட்டப்படுகிறது. கடக்கும் தொலைவு பத்தரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ.; சராசரி வேகம் 32 கி.மீ. அளவே. குளிர்சாதனம் இயங்குவதில்லை. ஐரோப்பாவின் பழைய சோதனைச் சுழற்சியைத் தழுவி, அதன் 120 கி.மீ. உச்ச வேகத்தை 90 ஆகக் குறைத்து அமைக்கப்பட்டது இம்முறை. அந்த மூலச் சோதனையே ஐரோப்பாவில் நம்பகத்தன்மையை இழந்தது. அறிவித்த எண்ணுக்கும் நடைமுறைச் செலவுக்கும் 2001இல் ஒன்பது விழுக்காட்டளவில் இருந்த இடைவெளி, 2010களின் நடுப்பகுதியில் நாற்பது விழுக்காட்டை எட்டியது. 2017 செப்டம்பர் முதல் அங்கே புதிய சோதனை முறை நடைமுறைக்கு வந்தது.

நந்திதுர்க்கிலிருந்து புறப்படும் கார் இச்சோதனைக்கு இரு முனைகளிலும் மாறுபட்ட வாழ்க்கையை வாழ்கிறது. அருகிலுள்ள பேத்தமங்கலம் முதல் ஹொசகோட்டே வரை சென்னை விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதி இப்போது திறந்திருக்கிறது. அங்கே மணிக்கு 120 கி.மீ. வேகத்துக்கு அனுமதி உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. 80இலிருந்து 120க்கு ஏறினால் அது 2.25 மடங்காகும். சோதனை ஒருபோதும் தொடாத வேகம் அது. ஹொசகோட்டேயைத் தாண்டி கே.ஆர்.புரம், டின் ஃபேக்டரி நெரிசலுக்குள் நுழைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. எஞ்சின் ஓடுகிறது, குளிர்சாதனம் ஓடுகிறது, சக்கரம் ஓடுவதில்லை. இவற்றோடு எரிபொருளின் இயல்பும் சேர்கிறது. எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே இருபது விழுக்காடு கலந்த பெட்ரோல் ஒரு லிட்டரில் ஆறு, ஏழு விழுக்காடு ஆற்றல் குறைந்தே தொட்டிக்குள் வருகிறது.

இதைக் குடும்பக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். போய்வர 200 கி.மீ., மாதம் 24 வேலைநாள்: 4,800 கி.மீ. பெட்ரோல் லிட்டர் 103 ரூபாய் எனக் கொண்டால், அறிவித்த 24.8 கிடைக்கும் நிலையில் செலவு சற்றேறக்குறைய 20,000 ரூபாய். நடைமுறையில் 18 மட்டுமே கிடைத்தால் 27,500 ரூபாய். மாதத்துக்கு 7,500 ரூபாய் வேறுபாடு ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகவோ வீட்டு மளிகையாகவோ இருக்கக்கூடிய தொகை. இவ்வேகத்தில் ஓடும் கார் இரண்டே ஆண்டுகளில் தன் தொடக்க ஷோரூம் விலைக்கு ஈடான பெட்ரோலைக் குடித்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது வரவேற்கத்தக்கதே. எனினும் அது ஒருமுறை கிடைக்கும் சலுகை. பெட்ரோல் பங்க்கோ மாதம் பல முறை காத்திருக்கிறது. மாரிக்குப்பத்திலிருந்து செல்லும் ரயிலின் சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான். ஆகவே தனியொருவர் காரில் வேலைக்குச் செல்வது எந்த மைலேஜாலும் கட்டுப்படியாகாது. நால்வர் பகிர்ந்தால் தலைக்கு 7,000 ரூபாய்க்குள் வரும். இரவுப்பணி முடிந்து ரயில் இல்லாத நேரத்தில் திரும்புவோர்க்கு அது பொருளுள்ள விலை.

மைலேஜ் என்னும் அளவுகோலே ஒரு மயக்கத்தைத் தருகிறது. 2008இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் ஆகியோர் ‘சயின்ஸ்’ இதழில் இதைச் சுட்டினர். 15 கொடுக்கும் கார் 18 கொடுத்தால் நூறு கிலோமீட்டருக்கு 1.1 லிட்டர் மிச்சம். 22 கொடுக்கும் கார் 25 கொடுத்தால் மிச்சம் அரை லிட்டரைச் சற்றே தாண்டும். இரண்டிலும் உயர்வு மூன்றுதான், பயன் பாதியாகிறது. ஏற்கெனவே நன்றாகக் கொடுக்கும் இரு கார்களுக்கிடையே ஓரிரு எண்களுக்காகத் தவிப்பதைவிட, பழுதடைந்த பழைய வண்டியைச் சீர்செய்வது கூடுதல் எரிபொருளை மிச்சப்படுத்தக்கூடும்.

சிஎன்ஜி வகையும் இதே தெளிவோடு பார்க்கப்பட வேண்டியது. 2024 செப்டம்பரில் வந்த சிஎன்ஜி ஸ்விஃப்ட்டுக்கு அறிவித்த எண் கிலோவுக்கு 32.85 கி.மீ.; நிகரான பெட்ரோல் வகையைவிட அறிமுக விலை ஏறத்தாழ 90,000 ரூபாய் கூடுதல். நடைமுறையில் கிலோவுக்கு 27 கி.மீ., விலை 90 ரூபாய் எனக் கொண்டால் கிலோமீட்டருக்கு 2.40 ரூபாய் மிச்சம். கூடுதல் தொகை மீள 37,500 கி.மீ. ஓட வேண்டும். நாள்தோறும் பெங்களூர் செல்லும் வண்டிக்கு அது எட்டு மாதம். கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்குமாக மாதம் 500 கி.மீ. ஓடும் வண்டிக்கு ஆறு ஆண்டுக்கு மேல். பொருள் வைக்கும் இடமும் சிலிண்டருக்குப் போய்விடும். ஒரே கார் ஒரு வீட்டுக்கு லாபமாகவும் பக்கத்து வீட்டுக்கு வீண்செலவாகவும் அமைவது இவ்வாறே.

தங்கவயல் மக்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. பாறைமுகத்தில் எடுத்த மாதிரியை ஆய்ந்து சொல்லும் தங்க அளவு ஒன்று. ஆலையில் அரைத்து முடித்தபின் கைக்கு வரும் அளவு வேறொன்று. மீட்க முடியாமல் போன மிச்சம் சயனைடு மேடுகளில் இன்றும் கலந்து கிடக்கிறது. ஆய்வின் எண் எந்தப் பாறையை முதலில் வெட்டலாம் என ஒப்பிட உதவியது. அதை நம்பி யாரும் சம்பளப் பட்டுவாடா நடத்தவில்லை. ஆய்வுக்கூட மைலேஜுக்கும் அவ்வளவே தகுதி. இரு கார்களை ஒப்பிட அது போதும். கடன் தவணையை அதன்மேல் கட்டலாகாது.

கைக்கு வரும் எண்ணை அறிய எளிய வழி உண்டு. ஒரே பங்க்கில் தொட்டியை நிரப்பி ஓடோமீட்டர் எண்ணைக் குறித்து, வழக்கமான பாதையில் ஓட்டி, மீண்டும் நிரப்பும்போது சென்ற லிட்டரால் ஓடிய தொலைவை வகுக்க வேண்டும். ஒருமுறை போதாது, நான்கைந்து முறையின் மொத்தமே நம்பத்தக்கது. புதிய கார் வாங்க எண்ணுவோர், அதே வண்டியை அதே பெங்களூர்ச் சாலையில் ஓட்டும் அண்டைவீட்டாரிடம் இந்தக் கணக்கைக் கேட்டறிந்தபின் முன்பணம் கட்டுவது நலம்.