அதிர்வைத் தாங்குவது எது?

துவிச்சக்கர வண்டியைப் பற்றிச் சிந்திப்போர் பெரும்பாலும் அதன் சில்லுகளையும் சங்கிலியையுமே எண்ணிப் பார்ப்பர். சில்லுக்கும் கைபிடிக்கும் இடையே நின்று, வீதி தரும் ஒவ்வோர் அடியையும் முதலில் வாங்கிக்கொள்ளும் உறுப்பொன்று உண்டென்பது பலரின் நினைவுக்கு வருவதில்லை. இரு கால்களால் முன்சில்லைக் கவ்வி நிற்கும் அவ்வுறுப்பை ஏட்டுத் தமிழில் முன்கவை எனலாம். திருகோணமலை நகரத்துச் சைக்கிள் கடைகளில் அது ‘போர்க்’ என்றே வழங்கும். உள்ளே வில் வைத்த கவையாயின் அதற்கு ‘ஷொக்’ என்று பெயர். முன்னே வில்லும் பின்னே விறைப்பான சட்டகமும் கொண்ட மலிவான மலைச்சைக்கிள்கள் இந்நகரத்தின் ஒழுங்கைகள் தோறும் காணப்படுகின்றன. அவற்றை வைத்திருக்கும் இளைஞர் பலருக்கும் ஒரே ஆசைதான்: பழைய ஷொக்கைக் கழற்றிவிட்டு நல்லதொன்றைப் பூட்டவேண்டும். இவ்வாசை நியாயமானதா, அது எதனை வேண்டி நிற்கின்றது என்பன ஆராயத்தக்கன.

வண்டிக்கு அதிர்வு தாங்கி தேவை என்னும் எண்ணம் புதியதன்று. 1888ஆம் ஆண்டிலே காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்ற ஜோன் பொய்ட் டன்லொப், பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த மிருக வைத்தியர். தம் மகனின் முச்சக்கர வண்டி குலுங்காது ஓடவேண்டும் என்னும் விருப்பமே அவரை அம்முயற்சிக்குத் தூண்டியது. ஆகவே சைக்கிளின் தலையாய அதிர்வு தாங்கி காற்றும் இறப்பருமே எனலாம். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, 1876இல், இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்டமையும் ஈண்டு நினைவு கூரத்தக்கது. அதே 1876ஆம் ஆண்டு கழிந்து நூறாண்டு நிறைந்தபோது, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இளைஞர் சிலர் பழைய கனத்த சைக்கிள்களில் மலைச்சரிவொன்றிலே கீழ்நோக்கிப் பந்தயம் ஓடினர். ஓடி முடிவதற்குள் பின்சில்லின் பிறேக் சூடேறி அதிலிருந்த கிறீஸ் எரிந்துபோகும். மீண்டும் கிறீஸ் அடைத்தே அடுத்த ஓட்டத்துக்குச் செல்லவேண்டும். அதனாலேயே அப்பாதைக்கு ‘ரீபாக்’ என்று பெயராயிற்று. மலைச்சைக்கிளின் பிறப்பிடங்களுள் அது முதன்மையானது. பின்னர் மோட்டார் சைக்கிள் பந்தயத் துறையிலிருந்து வந்த போல் ரேணர் என்பவரின் முயற்சியால் 1989இல் ‘றொக்ஷொக்ஸ்’ முன்கவை விற்பனைக்கு வந்தது. காற்றை வில்லாகவும் எண்ணெயைத் தணிப்பானாகவும் கொண்ட அக்கவை ஏறத்தாழ 2 அங்குலமே அமுங்கியது. எனினும், 1990இல் டுராங்கோ நகரில் நடைபெற்ற முதலாவது உலக மலைச்சைக்கிள் போட்டியிலே, சரிவோட்டத்தின் வெற்றி அத்தகைய கவை பூட்டிய வண்டிக்கே கிடைத்தது.

இவ்விடத்து ஒன்று மனங்கொள்ளத்தக்கது. அக்கவையில் இருந்தவை இரண்டு: வில், தணிப்பான். வில் அடியை வாங்கிச் சேமிக்கின்றது; சேமித்ததை உடனே திருப்பித் தருவதும் அதன் இயல்பு. தணிப்பானோ சிறு துளைகளினூடாக எண்ணெயைப் பிதுக்கி, அவ்விசையை வெப்பமாக்கிக் கழிக்கின்றது. இரண்டும் சேர்ந்தாற்றான் சில்லு நிலத்தை விட்டு அகலாது உருளும். வில் மட்டும் இருக்குமாயின் வண்டி பள்ளத்தில் இறங்கியபின் ஊஞ்சல் போல எழுந்தெழுந்து அமரும். மலிவான கவைகள் பலவற்றில் உள்ளது உருக்குச் சுருளி மட்டுமே. தணிப்பான் பெயரளவிலேனும் இருப்பதில்லை. கவையின் நோக்கம் சொகுசு என்று பலர் கருதுவர். உண்மையில் அதன் முதல் நோக்கம், கரடுமுரடான சரிவிலே சில்லை நிலத்தோடு ஒட்டவைத்து, ஓட்டுபவனின் சொற்படி வண்டியைத் திரும்பச் செய்வதாகும்.

திருகோணமலைக்கு இன்னொரு நியதி உண்டு. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த இந்நகரத்திலே காற்று உப்பைச் சுமந்தே வீசுகின்றது. கவையின் உட்கால்கள் உருக்கினாலானவை. மேலே மெல்லிய குரோம் பூச்சு மட்டுமே காப்பு. பூச்சில் ஊசிமுனையளவு குற்றம் இருந்தாலும் உப்பு அதனூடே புகுந்து துருவை விதைக்கும். துருவேறிய கால் உராய்ந்து உராய்ந்து மேலுள்ள இறப்பர் வளையத்தை அறுக்கும். வளையம் அறுந்தபின் வடகீழ்ப் பருவமழையின் நீரும் கடற்கரை மணலும் தடையின்றி உள்ளே இறங்கும். மூன்று நான்கு மழைக்காலங்களின் பின் சுருளி அசைய மறுத்துவிடும். அசையாத ஷொக் வெறும் இரும்புப் பாரமே. அத்தகைய கவையொன்று 2½ கிலோவுக்கு மேல் நிறையுடையது. வில்லில்லாத சாதாரண உருக்குக் கவையோ அதில் ஏறக்குறையப் பாதி நிறையே கொண்டது.

உப்புவெளிப் பக்கத்து ஒழுங்கையொன்றில் வாழும் மேசன் ஒருவரின் வண்டிக்கு நேர்ந்ததும் இதுவே. 2022ஆம் ஆண்டு நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு நிலவியபோது அவருடைய மோட்டார் சைக்கிள் முற்றத்திலே முடங்கியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளாலும் தேவை மிகுந்தமையாலும் சைக்கிள்களின் விலை ஏறியிருந்த அந்நாளில், கைமாறி வந்த மலைச்சைக்கிள் ஒன்றை அவர் வாங்கினார். பெற்றோல் மீண்டும் கிடைத்தபின்னரும் மோட்டார் சைக்கிளைத் திருத்தக் கையில் பணம் இல்லை. சாந்தகப்பையும் மட்டமும் தூக்குநூலும் உரப்பையொன்றில் கரியரிற் கட்டப்பட, அவர் அதிகாலையிலே நிலாவெளிப் பக்கம் போய்வந்தார். பெருவீதி செப்பமானதே, ஆனால் வேலைத்தலங்கள் பெருவீதியில் இருப்பதில்லை. கிறவலும் குழியும் மணலுமான உள்வீதிகளைக் கடந்தே அவற்றை அடையவேண்டும். நாளடைவில் அவருடைய வலக்கை விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. பகலெல்லாம் சாந்தகப்பை பிடிக்கும் கை அது. சுவரின் நேர்மையைத் தொட்டறியும் விரல்கள் உணர்விழந்தால் மேசனுக்கு மிஞ்சுவது கூலியாள் வேலையே.

மூத்த மகன் பல்கலைக்கழக மாணவன். விடுமுறையில் வந்தவன் தந்தையின் கையைக் கண்டு, தன் மகாபொல உதவிப்பணத்தில் மிச்சம் பிடித்ததைக் கொண்டு நல்ல ஷொக் ஒன்றைப் பூட்டுவதென முடிவு செய்தான். பாடசாலை மாணவனான தம்பிக்கு அது பெரும் மகிழ்ச்சி; மாலையில் வண்டி அவனுடையது. இருவரும் வண்டியை உருட்டிக்கொண்டு நகரத்துச் சைக்கிள் கடையொன்றுக்குச் சென்றனர்.

கடைக்காரர் விலை கூறுவதற்கு முன் வண்டியைச் சோதித்தார். முன்பிறேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கைபிடியைக் கீழே அழுத்தினார், கவை அமுங்கவில்லை. முன்னும் பின்னும் ஆட்டினார், கால்கள் கடகடத்தன. அமுங்கவேண்டிய திசையில் அசையாது, அசையக்கூடாத திசையில் அசைந்தது அக்கவை. “தம்பி, இது ஷொக் இல்லை, ஷொக்கின்ட படம்” என்றார் அவர்.

அதன்பின் அவர் அளவுகளைச் சொன்னார். கவையின் மேலெழும் தண்டு சட்டகத்தின் கழுத்துக்குழாயிற் பொருந்தவேண்டும். அவ்வண்டியின் தண்டு மேலுங்கீழும் ஒரே பருமன், அதாவது 1⅛ அங்குலம். இக்காலத்து உயர்ந்த கவைகள் பலவற்றின் தண்டோ அடியிலே அகன்று மேலே ஒடுங்குவது. பிறரது வண்டியிலிருந்து கழற்றிய கவையாயின் தண்டு முன்பே அறுக்கப்பட்டிருக்கும். குறுகிய தண்டை நீட்ட வழியில்லை. பிறேக் கட்டை ரிம்மைப் பிடிப்பதா, தட்டைப் பிடிப்பதா என்பதற்கேற்பக் கவையில் இடம் இருக்கவேண்டும். சில்லின் அச்சும் ஒத்துவரவேண்டும். எல்லாவற்றிலும் மேலாக உயரம் ஒத்திருக்கவேண்டும். கவை 20 மில்லிமீற்றர் உயர்ந்தால் கழுத்தின் சாய்வு ஏறத்தாழ ஒரு பாகை மாறும். வண்டி திரும்பும் தன்மையும் மாறும். 100 மில்லிமீற்றர் அமுங்கும் கவைக்கென ஒட்டப்பட்ட மலிவான சட்டகத்தில் அதனினும் நெடியதைப் பூட்டினால் கழுத்தடி ஒட்டு கூடுதலான நெம்புவிசையைத் தாங்கவேண்டிவரும். அவ்வொட்டு ஓடும்போது விட்டுப்போனால் விழுபவன் முகங்குப்புறவே விழுவான். தணிப்பான் உள்ள, இவ்வளவுகள் யாவும் ஒத்துவரும் புதிய கவையின் விலையோ மேசன் முழு வண்டிக்கும் கொடுத்த தொகையை நெருங்கியது. மாணவனின் சேமிப்புக்குள் அடங்கியது, தணிப்பானற்ற சுருளிக் கவை மட்டுமே. உப்புக்காற்றில் அதன் ஆயுளும் பழையதன் ஆயுளேயாகும்.

கடைக்காரர் மாற்றுவழியொன்றும் கூறினார். ஷொக் கவைக்கு ஈடாகும் உயரத்தில் அமைந்த விறைப்பான உருக்குக் கவையொன்று அவரிடம் இருந்தது. அதனைப் பூட்டி, தேய்ந்த முன் ரயருக்குப் பதிலாகச் சட்டகம் இடங்கொடுக்கும் அளவுக்கு அகன்றதொன்றை மாட்டி, காற்றைக் குறைத்து ஓடுவதே அவ்வழி. மேசன் தம் ரயரைக் கல்லுப்போல் இறுகும் வரை, சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அளவிலே அடித்து வந்தார். அகன்ற ரயருக்கு 35 அல்லது 40 போதுமானது. அதனினும் மிகக் குறைத்தால் குழி விளிம்பில் ரியூப் நசுங்கி இரட்டைத் துளை விழும். மணலில் புதையாது மிதப்பதற்கும் அகன்ற ரயரே துணை. எந்த ஷொக்கும் மணலில் உதவாது.

தம்பிக்கு இது பேரிடி. “வேலை செய்யாட்டிலும் பரவாயில்லை, அது இருக்கட்டும் அண்ணா” என்றான். அவன் கூற்றை எள்ளி நகையாடுதல் எளிது. எனினும், வறிய வீட்டுப் பிள்ளைக்கு வண்டியின் முன்னே தடித்து நிற்கும் அவ்விரு கால்கள் வெறும் இரும்பல்ல. வகுப்பிலுள்ள ஏனையோரின் வண்டிக்குத் தன் வண்டியும் குறைந்ததன்று என்பதற்கான சான்று. மலிவான வண்டிகளுக்குப் பயனற்ற வில்லைப் பூட்டி விற்கும் வணிகமும் இவ்வுள்ளத்தை நன்கறிந்தே நடைபெறுகின்றது. முடிவு தந்தையிடம் விடப்பட்டது. அவர் இரு கவைகளையும் கையில் தூக்கி நிறை பார்த்தார். “சுவருக்குள்ள பாரம் சுவருக்கு, மனிசனுக்குக் கூடாது, மகன்” என்று கூறி இலேசானதையே கொடுத்தார்.

மாற்றும் வேலை அரை நாளில் முடிந்தது. பழைய கவையின் அடியிலிருந்த குண்டுவளையம் தட்டி எடுக்கப்பட்டுப் புதியதில் இறக்கப்பட்டது; கிறீஸ் தாராளமாக இடப்பட்டது; முதலில் மேல்மூடியின் ஆணியால் கழுத்தின் தளர்வை நீக்கி, அதன்பின்னரே கைபிடித் தண்டின் பக்க ஆணிகள் இறுக்கப்பட்டன. இம்முறை மாறினால் குண்டுகள் விரைவில் தேய்ந்துவிடும். கைபிடியும் சற்று உயர்த்தப்பட்டது. சேமிப்பிலே மிஞ்சிய பணத்தில் தடித்த கைபிடி உறைகளும் வாங்கப்பட்டன. எஞ்சியது மேசன் கையை வைத்தியரிடம் காட்டுவதற்கு ஒதுக்கப்பட்டது. மூன்று கிழமைகளில் விரல்களின் மரத்த தன்மை குறைந்தது, முற்றாக நீங்கவில்லை. உள்ளங்கையின் நரம்பு பல ஆண்டுகள் தாங்கியதை ஓர் உருக்குத்துண்டு திருத்திவிடும் என்று எதிர்பார்த்தல் தவறு. வைத்தியரும் மணிக்கட்டை நேராக வைத்து ஓடும்படியும், இடையிடையே கையை மாற்றிப் பிடிக்கும்படியுமே கூறினார். தம்பி சில நாட்கள் வண்டியைத் தொடவில்லை. பின்னர், முன்சில்லை எளிதாகத் தூக்கி மதகுக்கட்டில் ஏற்ற முடிகின்றது என்று கண்டபின் தொட்டான்.

நல்ல ஷொக் வீணானது என்பது இதன் முடிவன்று. பாறைச் சரிவிலே விரைந்து இறங்குபவனுக்கு அது உயிர்க்காப்பு. மேம்பாடு என்பது எதற்கு, எவருக்கு, எந்நிலத்தில் என்னும் வினாக்களுக்கு விடை கண்டபின்னரே பொருளைத் தேடவேண்டும் என்பதே இதனாற் பெறப்படுவது.

இன்னுமொரு வினாவும் எஞ்சுகின்றது. திருகோணமலைக்கு வரும் ஏ-6, ஏ-12, ஏ-15 பெருவீதிகள் வாகனங்கள் வழுக்கிச் செல்லும் வண்ணம் அமைந்துள்ளன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் படகுத்துறையிற் காத்திருந்த காலமும் கழிந்தது. பெருவீதியில் விரையும் வாகனத்துக்கோ நான்கு சில்லுகளிலும் வில்லுண்டு. வில்லற்ற சைக்கிள்கள் மிகுதியாக ஓடுவன குழி விழுந்த உள்வீதிகளிலேயாம். அக்குழிகளை நிரப்பாதவிடத்து, அவற்றின் அதிர்வை ஒவ்வொருவரும் தத்தம் செலவிலே தாங்கவேண்டியதாகின்றது: இயன்றவர் வில் வாங்கித் தாங்குகின்றனர், இயலாதவர் மணிக்கட்டால் தாங்குகின்றனர். சமன் செய்யப்பட்ட வீதி எல்லார்க்கும் பொதுவான அதிர்வு தாங்கி; அதற்குத் தண்டின் அளவும் இல்லை, துருவேறும் சுருளியும் இல்லை. ஒரு வண்டியின் கவையை மாற்றுதல் ஒரு வீட்டின் கடன். ஓர் ஒழுங்கையைச் செப்பனிடுதல் ஊரின் கடன்.