கதவு தட்டுன ராத்திரி

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, கூச்சத்துல தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். தலைப்பப் பாத்துட்டு பேய்க்கதைன்னு வந்தவங்க மன்னிக்கவும். கொஞ்சம் சாமி சமாச்சாரம். ஆனா பிரசங்கம் இல்ல, பயந்து ஓடிடாதீங்க.

எங்க ஊரு புதுச்சேரி கருவடிக்குப்பம். பாரதியோட குயில் தோப்பு, சித்தானந்த சாமி கோயில்னு சொன்னா பலருக்குத் தெரியும். நாங்க ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற குடும்பம். நாலு வருஷம் முன்னாடி எனக்கு வேலை போச்சு. சம்பளம் போனதவிட, காலைல எதுக்கு எழுந்திரிக்கணும்னே தெரியாமப் போனதுதான் பெரிய வலி. தினமும் ராத்திரி முழங்கால் போட்டு, "ஆண்டவரே, என்னை எதுக்குப் படைச்சீங்க? ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னு கேப்பேன்.

ஒரு நாள் அப்படிக் கேட்டுக்கிட்டு இருந்தப்போ கதவு தட்டுற சத்தம். மணி ரெண்டு இருக்கும். "தம்பி, தம்பி"ன்னு எதிர் வீட்டு ஆயா குரல். தாத்தாவுக்கு அடிக்கடி மூச்சுத் திணறும்னு எனக்குத் தெரியும். ஓடிப் போய் ஒரு ஆட்டோவாவது புடிச்சுக் குடுத்திருக்கலாம். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? லைட்ட அணைச்சுட்டுப் படுத்துக்கிட்டேன். என் கஷ்டமே எனக்குப் பெருசா இருந்துச்சு. வேற காரணம் சொல்லத் தெரியல.

ஆயாவே தெருமுனை ஆட்டோக்காரர எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. தாத்தா பிழைச்சுட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு என்னைப் பாத்து ஆயா கேட்டது, "சாப்டியா தம்பி?" அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்.

அப்போதான் சின்ன வயசுல கேட்ட ஐடா ஸ்கடர் கதை ஞாபகம் வந்துச்சு. நடந்தது எங்கயோ இல்ல. இங்கேருந்து பஸ்ஸுல ஒரு மணி நேரத்துல போயிடுற திண்டிவனத்துல. 1870-ல ராணிப்பேட்டையில பொறந்த மிஷனரி வீட்டுப் பொண்ணு. ஆனா மிஷனரி வேலையே வேணாம்னு அமெரிக்காவுல படிச்சுக்கிட்டு இருந்தவங்க. அம்மாவுக்கு உடம்பு முடியலன்னு 1890-ல திண்டிவனம் வந்தாங்க. இங்க இருந்த காலத்துல ஒரே ராத்திரி மூணு பேர் வந்து கதவத் தட்டுறாங்க. ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு மேல்சாதி இந்து. மூணு பேர் மனைவிக்கும் பிரசவ வேதனை. ஐடாவோட அப்பா டாக்டர்தான், ஆனா ஆம்பள டாக்டர் தொடக்கூடாதுன்னு கட்டுப்பாடு. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடியறதுக்குள்ள மூணு பொண்ணுங்களும் செத்துட்டாங்க.

ஐடா அமெரிக்கா போய் 1899-ல டாக்டராகி, 1900-ல திரும்பி வந்தாங்க. வேலூர்ல ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்சாங்க. 1918-ல பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்னிக்கு சி.எம்.சி. 1960-ல சாகுற வரைக்கும் இந்த நாட்டுலயேதான் இருந்தாங்க.

இத்தன வருஷம் கேட்ட கதைல ஒண்ணு அப்போதான் உறைச்சுது. ஐடாவுக்கு வானத்துலேருந்து குரல் எதுவும் வரல. பக்கத்துல இருந்த மனுஷங்கதான் வந்து தட்டுனாங்க. நான் கேட்ட "ஒரு வார்த்தை"யும் வந்துச்சு. "தம்பி"ன்னு வந்துச்சு. நான்தான் லைட்ட அணைச்சுட்டேன்.

கடவுளே இல்லன்னு சொல்ற என் நண்பன் கேட்டான், "தட்டுனா திறக்கறதுக்கு எதுக்குடா சாமி?" நியாயமான கேள்வி. அவன் திறந்திருப்பான், அவனுக்குத் தேவையில்ல. நான் திறக்காதவன். திறக்காதவனுக்கும் மன்னிப்பு உண்டு, திரும்ப எழுந்திரிக்கலாம்னு யாராவது சொல்லணும். அத எனக்குச் சொன்னது என் விசுவாசம்தான். இல்லன்னா வெக்கத்துல ஆயா மூஞ்சியையே பாக்காம ஒளிஞ்சிருப்பேன்.

ஒரு வாரம் கழிச்சு ஆயாகிட்ட போய் உண்மையச் சொன்னேன். "லைட்டு அணைஞ்சதப் பாத்தேன் தம்பி. அடுத்த தடவ கூப்டா வா"ன்னாங்க.

இப்போ சின்னதா ஒரு வேலை இருக்கு. ஆயா வீட்டுக் காலண்டர்ல என் நம்பர் கொட்டை எழுத்துல இருக்கு. போன வருஷம் ரெண்டு தடவ கூப்டாங்க, ரெண்டு தடவையும் போனேன். பக்கத்துத் தெருவுலேருந்தும் ஒருத்தர் நம்பர் வாங்கிட்டுப் போனாரு. ராத்திரி போன சைலண்ட்ல போடுறதில்ல. ஐடா மாதிரி ஆஸ்பத்திரி கட்டப் போறதில்ல நான். ஆனா காலைல எதுக்கு எழுந்திரிக்கணும்னு இப்போ தெரியுது.