கமுதியில் ஒரு பட்டை பதநீர்

ஜப்பானியர் அரிசியைப் புளிக்க வைத்து ஒரு மது தயாரிக்கிறார்கள். பெயர் 'சாக்கே'. அதை ருசி பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு பீங்கான் கோப்பை உண்டு. வெள்ளைக் கோப்பை. உள்ளே அடியில் நீல நிறத்தில் இரண்டு வட்டம். வட்டம் பளிச்சென்று தெரிந்தால் சரக்கு தெளிவு, மங்கினால் கலங்கல். முதலில் கண், அப்புறம் மூக்கு, கடைசியில்தான் நாக்கு!

பாட்டில் லேபிளைப் பார்த்தால் ஜாதகம் எழுதின மாதிரி இருக்கும். எந்த ஊர், எந்த ஆலை, அரிசியை எவ்வளவு தீட்டினார்கள்... எல்லாம் சதவீதக் கணக்கில். 'தாய்கின்ஜோ' என்கிற உசத்தி ரகத்துக்கு அரிசி பாதியாகத் தேய்கிற வரை தீட்ட வேண்டுமாம். நம் பாட்டிகள் யாராவது பார்த்திருந்தால் அந்த ஆலை வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள்.

ஊர்ப்பெயருக்கும் அங்கே மரியாதை. 'ஹகுசான்' என்ற வட்டாரத்துச் சாக்கேவுக்கு 2005-லேயே புவிசார் குறியீடு. சாக்கே செய்யும் பாரம்பரியக் கலையை 2024-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

நான் சாக்கேயை வாயில் விட்டதில்லை. ஆகவே அதன் ருசி பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் குடைந்துகொண்டே இருந்தது. இப்படி ஊர் பார்த்து, கை பார்த்து, நேரம் பார்த்து ருசிக்கிற பானம் நம் பக்கம் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது சார். அதற்கு டோக்கியோ போக வேண்டாம். கமுதி போதும்.

மதுரையில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டை தாண்டியதுமே நிலம் தட்டையாகிவிடுகிறது. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். நடுநடுவே கரி மூட்டம் போட்ட புகை. மிளகாய் சீஸனாக இருந்தால் களமெல்லாம் சிவப்புக் கம்பளம்! ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கமுதியில் இறங்கினால் குண்டாறு. பேர்தான் ஆறு. அதன் கரையில் சேதுபதி காலத்துக் கோட்டை. ஊருக்குப் பக்கத்தில் 2016-ல் திறந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. அந்த வெயில் நமக்கெல்லாம் தலைவலி கொடுக்கும். பனைமரம் மட்டும் அதே வெயிலை வாங்கி, கம்பி, மீட்டர் ஒன்றும் இல்லாமல் சர்க்கரையாக்கிக்கொண்டு சும்மா நிற்கிறது.

பங்குனி மாதம். விடிகாலை ஐந்து மணி. சாயல்குடி போகிற பாதையில் ஒரு பனங்காடு. பனையேறி அண்ணாச்சிக்கு அறுபது வயசு இருக்கும். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி. ஐம்பதடி மரத்தில், நான் ஷூ லேஸ் கட்டுகிற நேரத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டார்.

வேலை என்னவென்றால், பாளைகளைச் சேர்த்துக் கட்டி, மரக்கடிப்பால் பதமாக நசுக்கி, நுனியை மெல்லியதாகச் சீவ வேண்டும். சீவின இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாகக் கலயத்தில் இறங்கும். தினமும் காலை, மாலை இரண்டு வேளையும் ஏறிச் சீவியாக வேண்டும். நாலு நாள் சும்மா விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊறல் நின்றுவிடும். தீபாவளி போனஸ், தற்செயல் விடுப்பு எல்லாம் பனைமரத்துக்குத் தெரியாது.

கலயத்தோடு இறங்கினார். நான் கையை நீட்டினேன்.

"அவசரப்படாதீக தம்பி. சுண்ணாம்பு அடங்கட்டும்."

இந்தச் சுண்ணாம்பில்தான் சூட்சுமம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் வடிகிற சாறு புளிக்காது, அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட் உடனே வேலையை ஆரம்பித்துவிடும், அது கள். ஜப்பான்காரர் அரிசியை அவித்து, அதன்மேல் 'கோஜி' என்ற பூஞ்சணத்தை வளர்த்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, பிறகு அதைப் புளிக்க வைக்க வாரக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். இங்கே சர்க்கரையை மரமே போட்டுவிடுகிறது. புளிப்பதற்கு யாரையும் கேட்பதில்லை. தடுக்கத்தான் ஆள் வேண்டும்!

"சுண்ணாம்பு கூடிப்போனா நாக்கு பொத்துரும். கொறஞ்சு போச்சுன்னா பதநி கள்ளாயிரும், போலீசு வந்துரும்" என்றார் அண்ணாச்சி. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. பக்கத்துக் கேரளாவில் உரிமம் வாங்கினால் இறக்கலாம். நம் பக்கத்தில் விஸ்கி, பிராந்திக்கு 2003 முதல் டாஸ்மாக்கே கடை நடத்துகிறது. அண்ணாச்சி இதைப் பற்றி அபிப்பிராயம் ஒன்றும் சொல்லவில்லை. சுண்ணாம்பை மட்டும் கவனமாகத் தடவினார்.

பனையோலையை மடித்து ஒரு பட்டை செய்து கொடுத்தார். பீங்கான் இல்லை, நீல வட்டமும் இல்லை. ஆனால் பச்சை ஓலை வாசனையும் பதநீர் வாசனையும் சேர்ந்து மூக்குக்கு வந்ததே, அதற்கு எந்தக் கோப்பையும் ஈடில்லை.

அதன் பிறகு நடந்தது ஒரு பாடம். மூன்று மரத்துப் பதநீரைத் தனித்தனியாக ஊற்றினார். முதல் மரம் தேன் மாதிரி. இரண்டாவதில் இனிப்புக்குப் பின்னால் லேசாக ஓர் உப்பு. மூன்றாவது தண்ணியாக இருந்தது.

"மொதல்ல குடிச்சது ஆண்பனை. ரெண்டாவது மரம் உவர்மண்ணுல நிக்குது. மூணாவதுக்கு நேத்து பாளை சரியாச் சீவலை, முதுகு வலி" என்றார். ஒரே காடு, ஒரே காலை, மூன்று ருசி! காரணத்தில் ஒன்று மரம், ஒன்று மண், ஒன்று மனுஷனின் முதுகு.

நல்லதைக் கண்டுபிடிக்க அவர் சொன்ன அடையாளம் இது. தெளிந்த பதநீரில் நுரை பொங்கக் கூடாது, பொங்கினால் புளிப்பு ஏறுகிறது என்று அர்த்தம். சுண்ணாம்பு வாசனை எட்ட நின்று எட்டிப்பார்க்கலாம், முகத்தில் அடிக்கக் கூடாது. முக்கியமானது, குடித்து முடித்ததும் இனிப்பு மரியாதையாக இறங்கிப் போய்விட வேண்டும். தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டு கடைசியில் கசந்தால் அது மரத்து இனிப்பு இல்லை, சாக்கரின் இனிப்பு.

இங்கேதான் நான் படித்த பி.காம். ஞாபகத்துக்கு வந்தது. கிரெஷாம் விதி என்று ஒன்று உண்டு. நல்ல நாணயமும் மட்டமான நாணயமும் ஒரே மதிப்பில் புழங்கினால், மட்டமானது நல்லதைப் புழக்கத்திலிருந்து விரட்டிவிடும். நெடுஞ்சாலையில் தண்ணீரும் சாக்கரினும் கலந்து விற்பதும் 'பதநீர்'. அண்ணாச்சி உயிரைப் பணயம் வைத்து ஐம்பதடி ஏறி இறக்கினதும் 'பதநீர்'. குடிக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் இரண்டுக்கும் ஒரே விலை. ஒரே விலை என்றால் எவன் மரம் ஏறுவான்?

அண்ணாச்சியின் மகன் ஏறவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்.

"அவன் வந்தாலும் ஏற விடமாட்டேன் தம்பி. விழுந்தா யாரு பாப்பா?"

காலையில் விற்றது போக மிச்சத்தை அவர் வீட்டு அக்கா தாச்சியில் ஊற்றி, கருவேல விறகில் காய்ச்சுகிறார். ஏழெட்டு லிட்டர் சுண்டினால் ஒரு கிலோ கருப்பட்டி. அந்த அனலில் மணிக்கணக்காக நின்று கிளறுகிற கூலி எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பற்று வைக்கப்படுவதில்லை.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பனை நமது மாநில மரம். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் வெட்டாமல் விட்ட மரம் தானாகப் பதநீர் இறக்கித் தராது. ஏறுகிற கால் வேண்டும். அந்தக் காலுக்குக் கூலி, ருசி தெரிந்த நாக்கிலிருந்துதான் வர வேண்டும். ஜப்பானில் லேபிள் செய்கிற வேலையை இங்கே நாம்தான் செய்தாக வேண்டும்.

ஆகவே வாசகர்களே, பங்குனி, சித்திரையில் கமுதிப் பக்கம் போனால் காலை ஏழு மணிக்கு முன்னால் போங்கள். பாட்டிலில் வாங்காதீர்கள், பட்டையில் குடியுங்கள். "இது எந்த மரம், யார் சீவினது?" என்று கேளுங்கள். சரியான பதில் வந்தால் இன்னொரு பட்டை வாங்குங்கள். தயவுசெய்து பேரம் மட்டும் பேசாதீர்கள்.