வயருக்குள் ஏறிய யூரியா

மைனஸ் 11 பாகையில் டெஃப் (DEF) என்னும் யூரியாக் கரைசல் உறைந்துவிடும். கனடாவில் டீசல் வான் வைத்திருப்பவர்களின் பனிக்காலத் தலையிடியில் பெரும்பங்கு இந்த ஓர் எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

டெஃப் டீசலோடு கலப்பதல்ல; நீல மூடி போட்ட தனித் தாங்கியில் ஊற்றுவது. மிகத் தூய யூரியா 32.5 சதவீதம், மீதி தாதுக்கள் நீக்கிய தண்ணீர். சூடான புகைக்குழாய்க்குள் இதைப் பீச்சினால் யூரியா அமோனியாவாகும். அந்த அமோனியா, வினையூக்கிக்குள் நைதரசன் ஒக்சைட்டுகளோடு சேர்ந்து அவற்றை வெறும் நைதரசனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். 32.5 என்ற கணக்குக்கும் காரணம் உண்டு. இந்த அளவில்தான் கரைசலின் உறைநிலை மிகக் கீழே போகிறது. யூரியாவும் தண்ணீரும் பிரியாமல் ஒன்றாக உறைந்து ஒன்றாக உருகுகின்றன. உறையாமலிருக்க வேறெதையாவது கலந்தால் வினையூக்கி கெட்டுப்போகும். ஆகவே தாங்கிக்குள்ளேயே ஹீற்றர் வைத்தார்கள். பெரிய லொறிகளில் எஞ்சினின் சுடுதண்ணீர் அந்த வேலையைச் செய்கிறது. வான்களில் பெரும்பாலும் பற்றறி மின்சாரம்தான்.

இந்த ஹீற்றர் பழுதானால் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் ஸ்காபுரோவில் ஒரு தமிழ்க் கராஜுக்குப் போனேன். இரண்டு வண்டி ஏறும் இடம், சுவரில் 310S மெக்கானிக் உரிமப் பத்திரம், மூலையில் தேத்தண்ணிக் கேத்தல். உரிமையாளர் அண்ணை வேலை பழகியது யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோல் இல்லாமல் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறை. அதைப்பற்றி அவர் அதிகம் பேசவில்லை. இங்கே வந்து முதலிலிருந்து படித்துச் சோதனை எழுதி எடுத்த உரிமத்தைப் பற்றித்தான் பெருமையாகச் சொன்னார். அவரிடம் பயிற்சிக்கு நிற்கும் பிள்ளை இங்கே பிறந்தவள்.

பார்சல் ஓட்டும் ஒருவர் எஞ்சினை நிறுத்தாமலே உள்ளே வந்தார். டெஃப் அமைப்பில் கோளாறு நீடித்தால், இத்தனை முறைக்குப் பிறகு வண்டி ஸ்ராட் ஆகாது என்று அந்த வானின் திரை எண்ணத் தொடங்கிவிடும். பத்தில் தொடங்கியது நாலுக்கு வந்திருந்தது. ஒவ்வொரு வாசலிலும் எஞ்சினை ஓடவிட்டபடியே பார்சல் கொடுத்து வந்திருக்கிறார். நின்ற வண்டியின் எஞ்சின் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடாது என்பது ரொறன்ரோ நகரசபை விதி. புகையைக் குறைக்க வந்த ஏற்பாடே ஒரு மனிதரை நாள் முழுக்கப் புகை விடவைத்தது எனக்குத் தாங்கவில்லை. புதிய டீசல் லொறிகள் டெஃப் தீர்ந்ததும் திடீரென வலு இழக்காதபடி 2027 மாதிரி ஆண்டிலிருந்து அமைய வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2025 ஆகஸ்டில் அறிவித்தது. கனடாவில் ஓடிக்கொண்டிருக்கும் இவருடைய வானுக்கு அதனால் இன்றைக்கு என்ன பலன்?

"அண்ணை, இன்னும் நாலு ஸ்ராட்தான் கிடக்கு. நிப்பாட்டப் பயமாக் கிடக்கு."

"நிப்பாட்டுங்கோ தம்பி. நாலு எனக்குக் காணும்."

இதற்கு முன் வேறொரு கராஜில் இந்த வானின் டெஃப் யூனிற்றையே மாற்றியிருந்தார்கள். ஹீற்றர், பம்ப், மட்டம் காட்டும் சென்சர் எல்லாம் சேர்ந்த ஒரே பாகம். விலை ஆயிரம் டொலரைத் தாண்டும். இரண்டு கிழமையில் அதே பழுதுக் கோட் திரும்பவும் வந்தது. கழற்றிய பாகத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும் என்று ஒன்ராறியோவின் நுகர்வோர் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் அருமை அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பழைய யூனிற் வானின் பின்பக்கம் பெட்டிக்குள் கிடந்தது. அண்ணை அதை மேசையில் வைத்து ஹீற்றரின் இரண்டு பின்களிலும் மீற்றரைப் பிடித்தார். ஒன்றரை ஓம்.

"ஹீற்றர் உயிரோடை இருக்கு," என்றார். "கோட் சுற்றைத்தான் சொல்லுது. எந்தச் சாமான் எண்டு அது சொல்லேல்லை."

பிறகு வானை உயர்த்தி, தாங்கிக்கு வரும் கனெக்டரைக் கழற்றினார். ஸ்கானர் வழியாக ஹீற்றருக்கு மின் அனுப்பச் சொல்லிவிட்டு மீற்றரை வைத்தபோது 12 வோல்ற்றுக்கு மேலே காட்டியது. பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். மின்சாரம் வருகிறது, ஹீற்றரும் நல்லது, அப்படியானால் பிழை எங்கே? அண்ணை மேசை லாச்சியிலிருந்து ஒரு பழைய முன்விளக்கு பல்ப்பை எடுத்தார். இரண்டு வயர் பற்றவைத்த பல்ப். கனெக்டரில் கொடுத்ததும் அதன் இழை மங்கிய செம்மஞ்சளாகச் சிவந்ததே ஒழிய வெளிச்சம் வரவில்லை. மீற்றரில் வோல்ற்று மூன்றுக்கு விழுந்தது.

மீற்றர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறிது. வயருக்குள் ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அது 12 என்று காட்டும். ஹீற்றருக்கோ எட்டு அம்பியர் வேண்டும். அந்த ஓர் இழையால் அதைச் சுமக்க முடியாது. இந்த இடத்தைத்தான் முந்திய கராஜில் தவறவிட்டிருக்கிறார்கள்.

எர்த் பக்கம் சரியாக இருந்தது. ஆகவே பொசிற்றிவ் வயரை விரல்களால் அமத்தி அமத்திப் பின்னோக்கிப் போனார். வெளியுறை புதிதுபோலத்தான் இருந்தது. ஒரு முழம் தள்ளி ஓரிடத்தில் நின்று, "இதைப் பிடிச்சுப் பார் பிள்ளை," என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன். மற்ற இடங்களைவிட விறைப்பாக இருந்தது. அங்கே கீறியபோது பச்சையும் கறுப்புமாகச் செம்பு பொடியாக உதிர்ந்தது; நடுவில் வெள்ளை யூரியா.

"அங்கிள், கனெக்டரில பட்டது இவ்வளவு தூரம் எப்பிடி வந்தது?"

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத்தான் அது ஏறுகிறது. முறுக்கிய செம்பு இழைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில் டெஃப் மெல்ல ஊர்ந்து போகும், போகிற வழியெல்லாம் செம்பை அரிக்கும். பழைய யூனிற்றின் பின்களைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு இருந்ததை அண்ணை அப்போது காட்டினார். சீல் விட்டிருந்தது. "மாத்தினது பிழையில்லை, கசிவு அதிலதான். வயருக்குள்ள போனதை ஒருத்தரும் பாக்கேல்லை." ஒரு தொழில்காரரைப் பற்றி இன்னொரு தொழில்காரர் இப்படி நியாயமாகப் பேசுவதைக் கேட்க எனக்கு நிறைவாக இருந்தது.

செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டிக்கொண்டே போனார். கனெக்டரை இளஞ்சூட்டு வடிநீரில் அலசிப் பார்த்தும் திருப்தியில்லாமல் புதிதாகவே போட்டார். அதே தடிப்பில் புது வயர். இரண்டு வயர்களின் இணைப்பும் அருகருகே வராதபடி ஒன்றைத் தள்ளி ஒன்று. மேலே, சூடு காட்டினால் சுருங்கி உள்ளே பசை கசியும் உறை. இணைப்புகளைப் பிள்ளைதான் செய்தாள். ஒன்றை அவர் இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செய்யச் சொன்னார். கடைசியில் பல்ப் கண் கூச எரிந்தது.

அதோடு அவர் வானை விடவில்லை. இரவு முழுக்க வெளியே குளிரில் நிறுத்தினார். டெஃப் உறைந்திருந்தாலும் எஞ்சின் ஸ்ராட் ஆகும். ஓட ஓட அது உருகுகிறதா என்பதைத்தான் வானின் கணினி பார்க்கிறது. காலையில் தாங்கியின் வெப்பநிலை மைனஸ் 14. ஸ்கானரைப் பார்த்தபடி பிள்ளை பக்கத்தில் இருக்க, அண்ணை வானை ஓட்டிப் பார்த்தார். எண் மைனஸ் 9க்கு ஏறிய பிறகே கோட்டை அழித்து, திரையின் எண்ணிக்கையையும் நீக்கினார்.

டெஃப் அமைப்பு முழுவதையும் கழற்றி மென்பொருளை மாற்றித் தரும்படி கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். சட்டவிரோதம் என்று அண்ணை திருப்பி அனுப்பிவிடுகிறார். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நெடுஞ்சாலை 401 ஓரத்து அடுக்குமாடிகளில் நம் பிள்ளைகள்தான் வளர்கிறார்கள். நைதரசன் ஒக்சைட்டு போய்ச் சேருவது அவர்களுடைய நெஞ்சுக்குள். அவர் செய்வதுதான் சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பில்லைப் பார்த்ததும் ஓட்டுநரின் முகம் சுருங்கியது. "சாமான் நாப்பது டொலரும் இல்லை. கூலி இவ்வளவோ அண்ணை?"

முந்திய கராஜில் ஆயிரத்துக்கு மேல் கேள்வி இல்லாமல் கொடுத்தவர்தான் இவர். அங்கே கையில் பிடித்துப் பார்க்க ஒரு பாகம் இருந்தது. இங்கே அவர் விலை கொடுப்பது பழுதைக் கண்டுபிடித்ததற்கு. நம்மவர் கராஜுகள் பலவற்றில் இந்த நேரத்தைத் தனியாக எழுதக் கூச்சப்பட்டுப் பாகத்தின் விலைக்குள் ஒளித்துவிடுகிறார்கள்; அதனாலேயே தேவையில்லாத பாகங்கள் மாறுகின்றன. அண்ணை ஒளிக்கவில்லை. தொடங்குமுன் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டிலேயே 'பழுது தேடிய நேரம்' என்று தனி வரி இருந்தது, தொகையும் அதை மீறவில்லை. வெட்டியெடுத்த வயரை ஓட்டுநரின் கையில் கொடுத்து, நடுவே கீறிக் காட்டினார். ஓட்டுநர் விரலால் சுரண்டிப் பார்த்தார், காசை எண்ணிக் கொடுத்தார், மத்தியானத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டிய பார்சல்களுக்காக வானை எடுத்துக்கொண்டு போனார்.