கொம்புக்கும் விலை உண்டு

விலங்கொன்றைத் தன் கையாலேயே படைத்துப் பார்க்கும் வாய்ப்பைச் சிறுவர்க்கு நல்கும் கணிப்பொறி விளையாட்டுகள் பல உள. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது 2008-ஆம் ஆண்டு மேக்சிஸ் நிறுவனத்தார் ஆக்கிய 'ஸ்போர்'. வில் ரைட் என்பாரின் கருத்தில் உருவான அவ்விளையாட்டில் நான்கு கால் வைக்கலாம், ஆறும் வைக்கலாம். எவ்வடிவில் செய்தாலும் அவ்வுரு எழுந்து நடக்கும். அந்நடையைக் கணக்கிட்டுத் தரும் நுட்பம் வியக்கத்தக்கது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின், உடலியலை அதில் தேடினால் ஏமாற்றமே எஞ்சும். கால் நெட்டையா குட்டையா என்பது அங்கே கணக்கில் இல்லை. ஒட்டிய பாதத்திற்கு எத்தனை மதிப்பெண்ணோ அத்தனை வேகம். உறுப்பு அங்கே அணிகலன்.

இவ்வாராய்ச்சி தமிழ்த்துறைக்கு எதற்கு என்று வினவுவார்க்கு ஒரு சொல். கணிப்பொறித் துறை மாணவர் மூவர் தம் இறுதியாண்டுத் திட்டப்பணியாகப் பரிணாம விளையாட்டொன்றை ஆக்கத் தொடங்கினர். அதனைத் தமிழிலேயே அமைக்க விழைந்து, கலைச்சொல் வேண்டி நம்மிடம் வந்தனர். சொல் கேட்டு வருவோரிடம் பொருளைக் கேட்பது நம் வழக்கம். அவர்தம் ஏட்டின் முதற்பக்கத்தில் யானையளவு உடலும் மானின் காலும் கழுகின் சிறகும் கொண்ட விலங்கொன்று நின்றது. "இஃது என்ன செய்யும் தம்பி?" என்றோம். "எல்லாம் செய்யும் ஐயா" என்றனர்.

எல்லாம் செய்யும் விலங்கு மண்ணில் இல்லை. உடலை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இருமடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும். எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்கே ஆகும். ஆகவே எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்னினும் இருமடங்கு பாரம் தாங்கவேண்டும். இந்த உண்மையைக் கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலிலேயே விளக்கிவிட்டார். யானையின் கால் தூணாகவும் மானின் கால் குச்சியாகவும் அமைந்ததன் காரணம் இதுவே. வெப்பத்தின் கதையும் அவ்வாறே. உடலுக்குள் பிறக்கும் சூடு பெரிதும் தோல் வழியே வெளியேறவேண்டும். தோலின் பரப்போ எடைக்கு ஈடாக வளர்வதில்லை. யானை தன் பெருஞ்செவியை ஓயாது விசிறுவது வீண் அசைவன்று.

பசிக்கும் கணக்குண்டு. 1932-இல் மாக்ஸ் கிளைபர் கண்ட விதிப்படி, எடை 16 மடங்கானால் உடலுக்கு வேண்டும் ஆற்றல் ஏறத்தாழ 8 மடங்காகும். பெரிய விலங்கு மொத்தத்தில் மிகுதியாக உண்ணும்; கிலோ ஒன்றுக்குக் கணக்கிட்டால் சுண்டெலியைவிட மிகக் குறைவாகவே உண்ணும். மூவரும் இதனை உடனே குறித்துக்கொண்டனர். சூத்திரம் என்றால் கணிப்பொறி மாணவர்க்குத் தனிப் பற்று!

அடுத்து, அறிவு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்திருப்பதைச் சொன்னோம். "எல்லா விலங்குக்கும் ஆறையும் கொடுத்துவிடுவோமே" என்றான் ஒருவன். மனித மூளை உடலின் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலிலோ நூற்றில் இருபது பங்கை அதுவே விழுங்குகிறது. அறிவைக் கொடுப்பவர் சோற்றையும் கொடுக்கவேண்டும். கொம்போ, கண்ணோ, சிறகோ, எதனைப் பூட்டினாலும் அதற்குரிய விலை பசியிலோ எடையிலோ வெப்பத்திலோ கழிக்கப்பட்டால்தான் அது பண்புக்கூறு எனப்படும். இல்லையேல் திருவிழாக்கடைப் பொம்மை.

இயற்கை புதுமனை கட்டுவதில்லை. பழைய வீட்டையே இடித்தும் ஒட்டியும் குடியிருக்கிறது. ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் நம் கழுத்திலுள்ளவாறு ஏழே எலும்புகள். அதன் குரல்வளைக்குச் செல்லும் நரம்பொன்று மூளையிலிருந்து நேரே செல்லாமல், நெஞ்சுவரை இறங்கி மீண்டும் கழுத்தேறுகிறது. பொறியாளர் எவரும் இப்படி வரையார்.

இதுவரை கருத்து மாறுபாடில்லை. பூசல் ஒரு சொல்லில் எழுந்தது. எந்த விலங்கு மிகுதியான சந்ததியை விட்டுச்செல்லும் என்பதை அளக்கும் எண்ணுக்கு மாணவர் 'வலிமை' என்று பெயரிட்டிருந்தனர். நாம் ஒவ்வோம் என்றோம். ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864-இல் படைத்து, டார்வின் 1869-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏற்றுக்கொண்ட அத்தொடரைத் தமிழில் 'வலியது வாழும்' என்று பெயர்த்தோர் பலர். அப்பெயர்ப்பு செய்த தீங்கை நாம் கண்டதுண்டு. ஆண்டுகள் பலவற்றிற்கு முன், விடுதியொன்றில் முதலாண்டு மாணவனைத் துன்புறுத்திய மூத்தவன் ஒருவன், விசாரணையில் தலைகுனியாமல், "வலியது வாழும் என்றுதானே ஐயா பாடத்தில் படித்தோம்" என்றான். இளையவன் மறுவாரமே ஊர் திரும்பினான், படிப்பைத் தொடரவில்லை. அச்சொல்லை மீண்டுமொரு விளையாட்டில் ஏற்றிச் சிறுவர் கையில் தர நமக்கு மனமில்லை.

மாணவர்க்கு மடெய்ரா தீவைக் காட்டினோம். அங்கு வாழும் வண்டினம் 550-இல் 200 பறக்க இயலாதவை என்று டார்வின் தம் நூலில் குறித்தார். காற்று மோதும் தீவில் பறக்கும் வண்டு கடலுக்கு அடித்துச் செல்லப்படும். சிறகு குன்றியது கரையிலேயே தங்கிப் பெருகும் என்பது அவர் தந்த விளக்கம். மெக்சிகோவின் இருட்குகைகளில் வாழும் மீனினம் ஒன்றோ கண்ணையே இழந்துவிட்டது. இவற்றை எந்த வலிமைக் கணக்கில் எழுதுவது?

நாம் எதை அளக்கிறோமோ அதுவே விளையும் என்பதற்குக் கார்ல் சிம்ஸ் 1994-இல் வெளியிட்ட ஆய்வும் சான்று. கணிப்பொறிக்குள் உருக்களைத் தாமே பெருகித் திருந்தவிட்டு, விரைந்து நகர்வனவற்றைத் தேர்ந்தெடுத்தார் அவர். நெட்டையாக வளர்ந்து தொப்பென்று விழுவதும் வேகமாகக் கணக்காகிவிடும். ஆதலால், உருக்கள் விழுந்து அடங்கும்வரை பொறுத்துப் பிறகே அளக்கும்படி அமைக்க நேர்ந்தது. இதனைக் கேட்டு மாணவர் வெகுநேரம் சிரித்தனர். பின்னர் அவர்களுள் ஒருவன் 'வலிமை'யைத் தானே அடித்தான்.

மாற்றுச்சொல் எளிதில் அமையவில்லை. 'தகுதி' என்றால் தகுதியற்றோர் என்றொரு கூட்டம் உடன் வரும். 'பொருத்தம்' என்றால் கல்யாணப் பேச்சாகிவிடும் என்றனர் மூவரும். முடிவில் 'பொருந்துதிறன்' என்று இசைந்தோம். சென்ற வாரம் மீண்டும் வந்தார்கள். யானைவிலங்கின் சிறகு போய்விட்டது, கால் தடித்திருந்தது, காற்றடிக்கும் தீவொன்றும் புதிதாய் முளைத்திருந்தது. ஆனால் திரையின் சிறு பொத்தானில் அச்சொல் அடங்கவில்லையாம், நான்கெழுத்தில் வேண்டுமாம். தேடிக்கொண்டிருக்கின்றோம். தோன்றுவோர் துறைக்கு வந்து சொல்லலாம்.