விட்டுப்போன நாலு அட்சரம்

சென்ற ஆண்டு முனிர்க்காவிலிருந்து மயூர் விஹாருக்கு வீடு மாற்றியபோது பரண்மீது கிடந்த ஒரு புடவைப் பெட்டி கைக்கு வந்தது. உள்ளே இரண்டு கட்டுக் கடிதங்கள். ஒன்று, என் பாட்டு டீச்சர் மாயவரத்திலிருந்து எனக்கு எழுதியவை. மற்றொன்று, நான் அவருக்கு எழுதியவை. 2009இல் அவர் காலமான பிறகு அவருடைய மருமகள் பார்சலில் அனுப்பிவைத்த கட்டு அது. வந்த புதிதில் பிரித்துப் படிக்க மனம் வரவில்லை. பிறகு பிரிக்காமல் இருப்பதே பழகிவிட்டது.

டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குழந்தைகளில் பலருக்கு என்னைப்போல ஒரு பாட்டு டீச்சர் இருந்திருப்பார். மத்திய அரசு ஊழியரின் மனைவி. இரண்டு அறை குவார்ட்டர்ஸின் முன்னறையில் பாய் விரித்து, சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு, மாலையில் பத்துப் பிள்ளைகளுக்கு ஸரளி வரிசை சொல்லிக்கொடுப்பவர். எங்கள் டீச்சரின் வீடு ராமகிருஷ்ணபுரத்தில் இருந்தது. 1986இல், ஏழு வயதில், நான் அங்கே சேர்ந்தேன். நவராத்திரியில் வீடு வீடாக, கந்த சஷ்டியில் மலை மந்திரில் என்று எங்களைப் பாடவைப்பார். குளிர்காலத்தில் கம்பளிக் குல்லாயோடு உட்கார்ந்து தாளம் போடுவோம். கையுறையை மட்டும் கழற்றச் சொல்லிவிடுவார். விரல் எண்ணிக்கை அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இத்தகைய டீச்சர்களை நாங்கள் இழப்பதும் ஒரே விதமாகத்தான். கணவர் ஓய்வு பெறுவார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிவரும், ஊருக்குப் போய்விடுவார்கள். 1993 மே மாதம் எங்கள் டீச்சரும் ரயிலேறினார். ஸ்டேஷனில் அழுதுகொண்டிருந்த என்னிடம், "லெட்டர் போடு, பாடம் அனுப்புகிறேன்" என்றார். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் முதல் இன்லண்ட் வந்துவிட்டது.

கடிதத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று இப்போது யாராவது கேட்டால் விளக்குவது கடினம். தாளக் கட்டம் போட்டு அதற்குள் ஸ்வரங்கள். மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் புள்ளி. நீட்டிப் பாட வேண்டிய இடத்தில் காற்புள்ளி. கமகம் வரும் இடத்தில் சிவப்பு மையில் ஓர் அலைக்கோடு. இன்லண்டின் மூன்று பக்கங்களிலும் எழுதி, இடம் போதாமல் ஒட்டும் மடிப்பிலும் எழுதியிருப்பார். பிரிக்கும்போது கிழியாமல் இருக்க நான் கத்தியால் பிரிப்பேன்.

அந்த அலைக்கோட்டுக்கு ஒரு பெரிய பரம்பரை உண்டு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முத்துசாமி தீட்சிதர் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர், 1904இல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டபோது, ஒவ்வொரு வகைக் கமகத்துக்கும் தனித்தனிக் குறியை வகுத்துக்கொண்டு அச்சிட்டார். குருவின் வாயிலிருந்து மாணவனின் காதுக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்த ஒன்றைக் காகிதத்தில் பிடித்துவைக்கும் பெருமுயற்சி அது. ஆனாலும் அந்தக் குறிகளைப் பார்த்துப் பாடுகிறவர் அந்த ராகத்தை முன்பே கேட்டிருக்க வேண்டும். எங்கள் டீச்சருக்கும் இது தெரியும். பைரவி ராகத்தைப் பற்றி எழுதிய கடிதத்தில், ஏறும்போது சதுச்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம் என்று விளக்கிவிட்டு, "காந்தாரத்தை எழுத வராது. நான் பாடியதை நினைத்துக்கொள்" என்று முடித்திருக்கிறார்.

கேசட்டில் பாடி அனுப்பக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். அந்த நாட்களில் பலரும் அப்படித்தான் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் மறுத்துவிட்டார். "கேசட்டில் நான் பாடுவது உனக்குக் கேட்கும். நீ பாடுவது எனக்குக் கேட்காதே" என்று எழுதினார். கடிதத்திலும் கேட்காதுதான். ஆனால் கடிதத்தில் நான் கேள்வி கேட்பேன், எங்கே தட்டுகிறது என்று எழுதுவேன், அதைக்கொண்டு நான் எப்படிப் பாடுகிறேன் என்று அவர் ஊகித்துக்கொள்வார்.

1998இல் அட தாள பைரவி வர்ணத்தைத் தவணை முறையில் அனுப்பினார். சியாமா சாஸ்திரிகளின் குருவான பச்சிமிரியம் ஆதியப்பையரின் வர்ணம் அது. கர்நாடக சங்கீதம் கற்பவர்கள் ஆதி தாள வர்ணங்களை முடித்துவிட்டு ஏறும் ஒரு பெரிய படி. அட தாளத்துக்கு 14 அட்சரம்: ஐந்து, ஐந்து, பிறகு இரண்டு, இரண்டு. நான்கு கடிதங்களில் வர்ணம் முழுவதும் வந்து சேர்ந்தது. "பாடம் பண்ணிவிட்டேன் டீச்சர். தினமும் காலையில் இரண்டு காலத்திலும் பாடுகிறேன். நன்றாக வருகிறது" என்று பதில் எழுதினேன்.

அது பொய். அப்போது நான் பாடுவதை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பள்ளி இறுதித் தேர்வுக்காக நிறுத்தியது, பிறகு தொடரவேயில்லை. கல்லூரியில் தமிழ் எடுத்துப் படிக்கத் தொடங்கியிருந்தேன். நூலகமும் நண்பர்களும் போதுமாக இருந்தன. கண்டிக்க ஆளில்லாத வீட்டில் தனியாகச் சுருதிப் பெட்டியோடு உட்கார வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அதை அவரிடம் சொல்லத் தைரியமில்லை.

பின்னாளில் ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்காக ஆர்னல்ட் ஷோன்பெர்க், ஆல்பன் பெர்க் இருவரின் கடிதப் போக்குவரத்தைப் படிக்க நேர்ந்தது. வியன்னாவில் 1904இல் ஷோன்பெர்க்கிடம் மாணவராகச் சேர்ந்தவர் பெர்க். பாடம் முடிந்த பிறகும் 1935இல் தாம் இறக்கும்வரை ஆசிரியருக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஆசிரியரின் நூலுக்குப் பொருளடைவு தயாரித்துக் கொடுத்தார், அச்சுப்படி திருத்தினார், நிதி திரட்டினார். தாமே பெரிய இசையமைப்பாளராகிவிட்ட பிறகும் அவருடைய தொனியில் வகுப்பறைப் பயம் இருக்கிறது. நீட்டி முழக்கி எழுதாதே என்று ஷோன்பெர்க் கண்டிக்கிறார். பெர்க் அதற்கும் நீளமாக மன்னிப்புக் கேட்கிறார். அந்தக் கடிதங்களைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பைரவி வர்ணத்துக்குப் பிறகு டீச்சரின் கடிதங்கள் மாறின. புதுப் பாடம் வருவது நின்றது. பதிலுக்கு அவர் என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். "நீ தமிழ் படிக்கிறவள். எனக்கு ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிக்கும் கடிதங்கள். சீர்காழி அருணாசலக் கவிராயரின் ராம நாடகத்தில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள், முத்துத்தாண்டவர் பதத்தில் எங்கே சந்தி பிரியும், மாரிமுத்தாப் பிள்ளை இந்த இடத்தில் நிந்தாஸ்துதியாகச் சொல்கிறாரா என்றெல்லாம் கேட்பார். மாயவரத்தில் அவரிடம் பாட்டுக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமாம்.

நானும் உற்சாகமாக அகராதிகளைப் புரட்டி எழுதினேன். இசையும் சொல்லும் முட்டிக்கொள்ளும் இடங்கள் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தன. 'மறவேன்' என்று ஒரு சொல். தாளத்துக்காக 'மற' என்று நிறுத்தி, ஒரு சஞ்சாரம் செய்துவிட்டு, 'வேன்' என்று பிடித்தால், மறக்கமாட்டேன் என்று சொல்ல வந்த பக்தர் முதலில் 'மறந்துவிடு' என்று கட்டளையிட்டுவிடுகிறார். இதை எழுதியதும் பிள்ளைகளுக்கு அந்த இடத்தை மாற்றிச் சொல்லிக்கொடுத்ததாகப் பதில் வந்தது. ஒரு பாட்டு வாத்தியார் என் பேச்சைக் கேட்டுப் பாடத்தை மாற்றுகிறார் என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை. பிற்காலத்தில் மொழிபெயர்ப்பே தொழிலாகிவிட்டபோது, ஒரு சொல்லை எங்கே உடைக்கலாம், எங்கே உடைக்கக் கூடாது என்ற கவனம் இந்தக் கடிதங்களில் பழகியதுதான்.

எம்.ஏ. படிக்கும்போது ஒரு விஷயத்தை அவருக்கு எழுதினேன். உ.வே.சாமிநாதையர் இளைஞராக மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படித்தபோது, அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றுக்கொண்டிருந்தார். சங்கீதத்தில் மனத்தைச் செலுத்தினால் இலக்கண இலக்கியப் படிப்பு தடைப்படும் என்று பிள்ளையவர்கள் கருதியதால் சங்கீதப் பாடத்தை நிறுத்திவிட்டார். 'என் சரித்திர'த்தில் அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் ஊரில்தான் இது நடந்தது என்று எழுதியபோது, எனக்கு நானே ஒரு சமாதானம் தேடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். தமிழுக்காகப் பாட்டை விட்டவர்கள் பெரியவர்களிலும் உண்டல்லவா?

டீச்சரின் பதில் சுருக்கமாக இருந்தது. "பாட்டை நிறுத்தினாரே தவிர பாட்டு வாத்தியாரை மறக்கவில்லை, பார்த்தாயா. அவரைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறாராமே." உண்மைதான். கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகாவைத்தியநாதையர் என்று மூன்று சங்கீதக்காரர்களின் வரலாற்றை எழுதிவைத்தவர் உ.வே.சா.

2004இல் ஒருமுறை மாயவரம் போய் அவரைப் பார்த்தேன். என்னைப் பாடச் சொல்வாரோ என்று வழியெல்லாம் பயம். சொல்லவில்லை. ஆறு பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடச் சொல்லி, "வார்த்தை சரியாக விழுகிறதா என்று இந்த அக்கா சொல்வாள்" என்று என்னை அறிமுகப்படுத்தினார். தப்பித்தேன் என்று மகிழ்ந்தேன்.

இனி, பெட்டியில் இருந்த இரண்டாவது கட்டு. என் ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும், வந்த தேதியையும் பதில் போட்ட தேதியையும் டீச்சர் குறித்திருந்தார். வேறு எந்தக் குறிப்பும் இல்லை, ஒரே ஒரு கடிதத்தைத் தவிர. பைரவி வர்ணம் நன்றாக வருகிறது என்று நான் எழுதிய கடிதம் அது. அதன் அடியில் பென்சிலில் இருந்தது: "3ஆவது ஸ்வரத்தில் 4 அட்சரம் விட்டுப்போச்சு. கேட்கவில்லை. பாடவில்லை."

அவர் அனுப்பிய இன்லண்டை எடுத்துப் பார்த்தேன். எத்துக்கடை ஸ்வரங்களில் மூன்றாவது, பக்கத்தின் கடைசி வரியிலிருந்து மடிப்புக்குப் போகிறது. போகிற வழியில், ஓர் ஆவர்த்தனத்தின் கடைசி இரண்டு இரண்டு அட்சரங்கள் விடுபட்டிருக்கின்றன. அவசரத்தில் மறந்திருப்பார். ஒரே ஒரு முறை தொடையில் தாளம் தட்டி அந்த வரியைப் பாடியிருந்தால் போதும்; பத்தாவது அட்சரத்தில் கை அந்தரத்தில் நின்றிருக்கும். "டீச்சர், இங்கே குறைகிறதே" என்று எழுதியிருப்பேன். நான் எழுதியது, நன்றாக வருகிறது என்று.

அந்தக் கடிதம் அவருக்குக் கிடைத்த தேதி 12.10.1998. முதல் தமிழ்ச் சந்தேகத்தை அவர் கேட்டு எழுதிய கடிதத்தின் தேதி 24.10.1998. இடையில் பன்னிரண்டு நாட்கள். ஒரு கடிதம் வந்தால் மறுநாளே பதில் எழுதுகிறவர் அவர்.

அந்தப் பன்னிரண்டு நாட்களில் அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. கோபித்துக்கொண்டிருக்கலாம். இவளுக்கு இனி எழுத வேண்டாம் என்றுகூட நினைத்திருக்கலாம். கடைசியில் என் பொய்யைச் சுட்டிக்காட்டாமல், பாடாத ஒரு மாணவியைப் பாட்டுக்குள் வைத்திருக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். பதினொரு ஆண்டுகள் அவருடைய சந்தேகங்களை நான் தீர்த்துவைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது டெல்லியிலும் பல குழந்தைகள் செல்பேசித் திரையில் சென்னை ஆசிரியர்களிடம் பாட்டுக் கற்கிறார்கள். 2020இன் ஊரடங்குக்குப் பிறகு இது சகஜமாகிவிட்டது. ஒலி போய்ச்சேரத் தாமதமாவதால் குருவும் சிஷ்யையும் சேர்ந்து பாட முடிவதில்லை என்பது ஒன்றுதான் குறை. மற்றபடி ஆசிரியர் உடனுக்குடன் கேட்கிறார், திருத்துகிறார். என்னைப்போல ஏமாற்றுவது கடினம். நல்லதுதான்.

விட்டுப்போன நாலு அட்சரத்தை ஒரு புத்தகத்தைப் பார்த்து நிரப்பலாம் என்று முயன்றேன். பொருந்தவில்லை. இவ்வளவு பழைய வர்ணம் ஒவ்வொரு பாடாந்தரத்திலும் கொஞ்சம் வேறுபடும். டீச்சரின் பாடாந்தரத்தில் அந்த இடம் எப்படி இருந்தது என்பது அவரிடம் நேரில் கற்றவர்களுக்குத்தான் தெரியும். 2004இல் நான் பார்த்த பிள்ளைகளில் ஒருத்தி மாயவரத்திலேயே பாட்டு சொல்லிக்கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன். அவளுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். கட்டம் போட்டு, முதல் பத்து அட்சரத்துக்கு ஸ்வரம் எழுதி, மீதி நாலைக் காலியாக விட்டு, இங்கே குறைகிறதே என்று கேட்டிருக்கிறேன்.