அப்பாவின் தாடையைக் காத்த டாக்டரம்மாவுக்கு

அன்புள்ள டாக்டரம்மா,

புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக்கொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் படிக்கட்டும் என்றே உங்களுக்கான நன்றியை எல்லோர் முன்னும் எழுதுகிறேன்.

வருஷக்கணக்காகப் புகையிலை அடக்கிய கன்னத்தில் அப்பாவுக்குப் புற்று வந்தது. ஆபரேஷன், அதன்பின் கரண்ட். பிழைத்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்தபோது கீழ்க் கடைவாய்ப் பல் ஆடியது. ஓரிடத்தில் பிடுங்கிவிட்டார்கள். கரண்ட் வைத்ததுண்டா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மாதங்கள் போயும் குழி மூடவில்லை. உள்ளே மஞ்சளாய் எலும்பு தெரிந்தது. வாய் நாற்றத்துக்குக் கூசி அப்பா திண்ணைக்கு வருவதையே விட்டுவிட்டார். புற்று திரும்பிவிட்டது என்று நாங்கள் மனசுக்குள் அழுதுகொண்டிருந்தோம்.

உங்களிடம் அழைத்து வந்தபோது நீங்கள் சதை எடுத்துச் சோதித்து, "புற்று இல்லை, எலும்பு செத்திருக்கிறது" என்றீர்கள். கதிர்வீச்சு புற்றை அழிக்கையில் எலும்புக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெட்டுவிடுகின்றன. கீழ்த்தாடைக்கு ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைவு. 60 கிரே அளவுக்கு மேல் கதிர் வாங்கிய தாடையில் காயம் பட்டால் எளிதில் ஆறாது, பல வருஷம் கழித்தும் இந்த ஆபத்து உண்டு என்று காகிதத்தில் படம் போட்டு விளக்கினீர்கள். காப்பாற்ற முடியாத பற்களைக் கரண்ட் வைக்குமுன்பே எடுத்து, இரண்டு வாரமாவது ஆறவிட வேண்டுமாம். பிறகு சொத்தை வந்தால் முடிந்தவரை வேர் சிகிச்சைதான்.

ஆக்ஸிஜன் அறையில் உட்காரவைத்தால் ஆறும் என்று யாரோ சொல்ல, காட்டை அடகு வைக்கத் துணிந்திருந்தேன். 2004-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில் அதனால் பலன் தெரியவில்லை என்று சொல்லித் தடுத்தீர்கள். எங்கள் காடு எங்களிடமே இருக்கிறது, அம்மா.

பென்டாக்ஸிஃபைலின் மாத்திரை, வைட்டமின் இ, வாய் கொப்பளிக்க மருந்து என்று மாதக்கணக்கில் பொறுமையாகப் பார்த்தீர்கள். ஒருநாள் நெல்மணி அளவு எலும்புத் துண்டு தானாகவே ஆட, இடுக்கியால் அலுங்காமல் எடுத்தீர்கள். அதற்கு மேல் தோண்டவில்லை. தாடை முறிந்தால் கால் எலும்பை எடுத்து வைக்க வேண்டிவரும் என்பதையும் மறைக்கவில்லை. அந்த நிலை வராமல் ஈறு மூடிக்கொண்டது. அப்பா களி சாப்பிடுகிறார், திண்ணையில் உரக்கப் பேசுகிறார்.

"தாடையில் கதிர்வீச்சு பெற்றவர், கேட்காமல் பல் எடுக்க வேண்டாம்" என்று நீங்கள் எழுதித் தந்த அட்டை அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கரண்ட் முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் அப்படியோர் அட்டையை எல்லா ஆஸ்பத்திரிகளும் கொடுத்தனுப்ப வேண்டும்.

உங்கள் நோயாளியின் மகன்